உதடுகள் மட்டும் தெரிந்த படம்

ஓய்வு பெற்ற பிறகு வேலை பார்த்த இடத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். போனால் குறை சொல்லத் தோன்றும். சொன்னால் கிழவனுக்கு வாய் நீளம் என்பார்கள். ஆனாலும் போன மாதம் கூப்பிட்டார்கள், மானத்தை விட்டுப் போனேன். புதிதாக வாங்கிய மென்பொருள் ஒன்றைக் காட்டத்தான் அழைத்திருந்தார்கள். கணினித் திரையில் ஒரு கோடு. கோட்டை மேலே இழுத்தால் வளர்ந்த ஆளின் குரல் பையனின் குரலாகிவிடுகிறது. கீழே இழுத்தால் பையன் தாத்தாவாகிவிடுகிறான். என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளைஞன் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஹெர் மணி, அந்தக் கெல்சென்கிர்ச்சன் ஊர்ப் பையன் விஷயத்தில் இது மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள், இல்லையா?"

"போயிருப்பேன். படமும் நாசமாகப் போயிருக்கும்" என்றேன்.

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கதை ஒலிப்பதிவுக் கூடத்தில் வாய்வழியாகப் பரவி, ஏதோ ஒரு பையனுக்குத் தொண்டை கட்டியது, மணி என்னமோ தந்திரம் பண்ணிச் சரிசெய்தார் என்று ஆகிவிட்டிருக்கிறது. நான் ஒரு தந்திரமும் பண்ணவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஜெர்மனிக்கு வரும் வெளிநாட்டுப் படங்களில் எல்லோரும் ஜெர்மன் பேச வேண்டும். அப்படிப் பேசவைக்கிற டப்பிங் கூடத்தில் நான் ஒலிப்பதிவுப் பொறியாளன். திருச்சியில் டிப்ளமா, டார்ம்ஸ்டாட்டில் மின்பொறியியல், நடுவில் கைச்செலவுக்காக கொலோன் நகரத்து ஓரத்தில் ஒரு கூடத்தில் பழுதான ஒலிக்கலவை மேசையைச் சரிபார்க்கப் போனேன். மேசை சரியாகிவிட்டது, நான் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். அம்மா கடைசி வரைக்கும் என் மகன் ஜெர்மனியில் ரேடியோ ரிப்பேர் பண்ணுகிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதிலும் தப்பில்லை.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தது மேசை. தொழிலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார்க்கவைத்தது ஃப்ராவ் கெஸ்லர். டப்பிங் இயக்குநர். ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. ஒல்லியான, உயரமான, நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டிக்கொண்ட பெண்மணி. கூடத்துக்குள் நுழைந்ததும் காலணியைக் கழற்றிவிடுவார். மரத்தரை முனகும் என்பது காரணம். பேச வருகிறவர் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் பையில் இருக்கும் சாவி, சில்லறை எல்லாவற்றையும் ஒரு மண்கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் மைக்குக்கு முன்னால் போக வேண்டும். ஒலிப்பதிவு நடக்கும்போது அவர் திரையைப் பார்க்கமாட்டார். முதுகைத் திரைக்குக் காட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக் கேட்பார். நன்றாக இருந்தது என்று அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அவரிடம் இரண்டே சொற்கள்தான். சரியில்லை என்றால் "நொஹ்மால்", அதாவது இன்னொரு முறை. சரி என்றால் "வைட்டர்", அதாவது அடுத்தது. ஒரு வைட்டர் வாங்குவதற்குள் பெரிய பெரிய ஆட்களுக்கு வேர்த்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பையன்களை யாரும் நீங்கள், வாருங்கள் என்று அழைப்பதில்லை. ஃப்ராவ் கெஸ்லர் அழைப்பார். மைக்குக்கு முன்னால் நிற்கிறவர் வேலை செய்ய வந்தவர், வேலை செய்ய வந்தவருக்கு வயது கிடையாது என்பது அவர் கணக்கு.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அந்த அமெரிக்கப் படம் எங்களிடம் வந்தது. ஐம்பதுகளில் ஒரு சின்ன ஊர். பெட்ரோல் பங்க் நடத்தும் அப்பா. மூத்த மகன் கொரியப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அவனுடைய பழைய சிறிய லாரி கொட்டகையில் நிற்கிறது. பதினான்கு வயது இளையவனுக்கு அதை ஓட்டிப் பழக வேண்டும். அப்பா யாரையும் தொடவிடமாட்டார். ஒரு கோடை முழுவதும் நடக்கிற கதை. கோடை முடிவில் அப்பாவும் மகனும் மோதிக்கொள்கிறார்கள். செத்துப்போன மகனையே நினைத்துக்கொண்டு, இருக்கிற மகனை ஏறெடுத்தும் பார்க்காத அப்பாவிடம் அவன் கத்துகிறான்: "நான் அவன் இல்லை, அப்பா. என்னைப் பாருங்கள்!" படத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

இவ்வளவும் எழுத்தில் வந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதே தவிர, படத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அப்போது திருட்டுப் பிரதி பயம் உச்சத்தில் இருந்தது. எங்களுக்கு வந்த பிரதியில் திரை முழுக்கக் கறுப்பு. பேசுகிறவரின் வாய் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம். உதடு அசைவது தெரியும், அவ்வளவுதான். கண் தெரியாது, மூக்கு தெரியாது, அழுகிறானா சிரிக்கிறானா என்பதை உதட்டைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இது போதாதென்று ரகசியம் காப்போம் என்று ஆளாளுக்குக் கையெழுத்து வேறு. வசனத்தில் ஒரு வரி வெளியே போனாலும் ஆள் மாற்றப்படுவார் என்று அதில் இருந்தது. படத்தை எடுத்த அமெரிக்க இயக்குநரும் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். பையனுக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே குழந்தைக் குரல்தான் வேண்டும், குரல் மாதிரிகளைத் தானே கேட்டு அனுமதிப்பேன் என்று.

பையன் குரலுக்குப் பள்ளிக்கூட நாடகக் குழுக்களிலிருந்து ஒலிப்பதிவுகள் வந்தன. பெயர் இல்லாமல் வரிசையாகப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார் ஃப்ராவ் கெஸ்லர். ஒரு குரலில் நிறுத்தினார்.

"இவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாதுபோல் இருக்கிறது. யார் இவர்?"

பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துவாரகன் சிவநேசன், கெல்சென்கிர்ச்சன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் ஏதோ ஒரு மூலையில் வளர்ந்த பையனின் வாய்க்குள் நம் பிள்ளை உட்கார்ந்து ஜெர்மன் பேசப்போகிறான். கடவுளுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுவர்களுக்கு வேலை நேரம் குறைவு, பெற்றோர் ஒருவர் கூட வர வேண்டும். அப்பா சிவநேசன்தான் வருவார். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. நடைபாதையில் இருந்த மரப்பெஞ்சில் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார், எந்த நேரமும் யாராவது எழுந்து போகச் சொல்வார்கள் என்பது போல. முதல் நாளே ஒரு தகராறு. பையன் கழுத்தில் இருந்த சங்கிலியில் சின்னப் பதக்கம் ஒன்று, மூச்சு விட்டால் கிணுங் என்கிறது. கிண்ணத்தில் போடச் சொன்னேன். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

"அண்ணை, அது கழட்ட ஏலாது. அம்மா கோயில்லை வைச்சுக் கட்டி விட்டது."

"இல்ல சார், சவுண்ட் வருது, மைக் எல்லாத்தையும் புடிச்சிரும்."

"அப்ப துணியாலை சுத்தி விடுங்கோவன்."

கடைசியில் கைக்குட்டையில் சுற்றி, பிளாஸ்டர் போட்டு நெஞ்சில் ஒட்டினேன். ஃப்ராவ் கெஸ்லர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டரை அவரே எடுத்து வைத்திருப்பார்.

வேலை நடக்கிற விதம் இதுதான். படத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிவிடுவார்கள். ஒரு துண்டு, ஒரு மூச்சு. ஒரு காதில் அசல் குரல், எதிரே கறுப்புத் திரையில் உதடு. உதடு மூடும் இடத்தில் நம் சொல்லிலும் உதடு மூட வேண்டும். கதை வரிசைப்படி ஒன்றும் எடுப்பதில்லை. ஃப்ராவ் கெஸ்லருக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கத்துகிற, அழுகிற காட்சிகளைக் கடைசி நாளுக்குத்தான் வைப்பார். முதலில் கத்திவிட்டால் தொண்டை கீறிப்போய், மிச்ச வேலை கெடும் என்பதால். துவாரகன் கெட்டிக்காரன். மெதுவான காட்சிகள் எல்லாவற்றையும் அநாயாசமாகப் பேசி முடித்தான். ஒரு நாளில் இத்தனை வைட்டர் வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை. அப்பாவோடு மோதும் காட்சி மட்டும் மிச்சம். அதற்கு இரண்டு வாரம் கழித்து நாள் குறித்து, வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துவரச் சொன்னோம்.

நடுவில் அவன் அக்கா மதுராவுக்குச் சாமத்திய வீடு. நம் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு என்போமே, அதுதான். பெண் பெரியவளானதற்கு மண்டபம் பிடித்து, கல்யாணம் மாதிரியே செய்வார்கள். பள்ளி விடுமுறை பார்த்து, பாரிஸ் மாமா வரும் நாள் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்து இப்போதுதான் வைத்திருந்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. வேறொரு படத்து வேலை இருந்ததால் போகவில்லை.

குறித்த நாளில் பையன் வந்தான். வணக்கம் சொன்னான். அந்த ஒரு வணக்கத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குரலில் பாதி மேலே, பாதி கீழே. ஃப்ராவ் கெஸ்லர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "தொடங்கலாமா?" என்றார். அவன் பழைய குரலைப் பிடித்து இழுத்துப் பேசப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "என்னைப் பாருங்கள்" என்ற இடத்தில் தகர டப்பாவை இழுத்தது போல ஒரு சத்தம். நொஹ்மால். திரும்பவும் அதே. நொஹ்மால். கண் கலங்கிவிட்டது பையனுக்கு. மூன்றாவது தடவை ஃப்ராவ் கெஸ்லர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விளக்கை அணைத்தார்.

"இன்று போதும். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சூடாக எதையாவது குடியுங்கள்."

பருவம் வந்து குரல் உடைகிற இதை நம் பழைய நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை ராஜபார்ட் பாடிய பையனுக்கு இது வந்தால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இங்கேயும் அதே நியாயம்தான் என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. விநியோக நிறுவனத்துப் பிரதிநிதி ஹெர் புரூன்ஸ் தொலைபேசியில் ஒரே முடிவாகச் சொன்னார். பெர்லினில் பத்து வயதுப் பையன் ஒருவன் தயாராக இருக்கிறான், திங்கட்கிழமை அழைத்துவருகிறேன், பழைய பதிவு முழுவதையும் அழித்துவிட்டு அவனை வைத்து முதலிலிருந்து எடுங்கள். படத்தில் ஒரே குரல் வேண்டும் என்பதால் பாதியை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. துவாரகன் பேசியதில் ஒரு மூச்சுகூட மிஞ்சாது.

"இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள்" என்று மட்டும் சொல்லி வாங்கினார் ஃப்ராவ் கெஸ்லர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது? அப்போதும் சுருதியை ஏற்றி இறக்கும் கருவிகள் இருந்தன. போட்டுப் பார்த்தேன். பொம்மைப் படத்து அணில் பேசுவது போல் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்னால் அழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவநேசன் பையனோடு வந்தார். அவனைக் காபி அறையில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக என்னிடம் வந்து நின்றார். அதே மேல்கோட்டு.

"மணி அண்ணை, ஒரு அஞ்சு நிமிசம் கதைக்க ஏலுமே?"

"என்ன சார், சொல்லுங்க."

"அவன்ர தொண்டை பழுதாப் போனதுக்கு நான்தான் காரணம். மதுராவின்ர சாமத்திய வீட்டிலை மைக்கைக் குடுத்திட்டம். பாரிசிலை இருந்து வந்த மாமன், 'மருமோன் படத்திலை கதைக்கிறானாம், ஒருக்காக் கதைச்சுக் காட்டட்டும்' எண்டு சொல்லிப்போட்டார். அவன் மாட்டன் எண்டுதான் நிண்டவன். நான்தான் சொல்லு அப்பன் எண்டனான்."

எனக்குப் பகீரென்றது. "எதைப் பேசினான்?"

"அந்தச் சண்டைதான். முழுக்க, ஜெர்மனிலை."

"என்ன சார் நீங்க! சீக்ரெட்னு சைன் பண்ணிக் குடுத்திருக்கோம். எத்தன பேர் இருந்தாங்க?"

"மண்டபம் நிறைஞ்ச சனம். வீடியோக்காரன் எல்லாம் எடுத்திருக்கிறான். கொப்பி லண்டன், கனடா எல்லா இடமும் போட்டுது."

எனக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. உதட்டைத் தவிர மிச்சத்தையெல்லாம் கறுப்படித்துப் படத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் அமெரிக்காவில். இவர்கள் அதன் உயிரை எடுத்து டிவிடி போட்டு உறவுமுறைக்கெல்லாம் தபாலில் அனுப்பிவிட்டார்கள், பலகாரம் அனுப்புவது போல. திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணை, கையெழுத்து வைச்சனான். ஆனா இத்தினை நாளா வெளியிலை கிடக்கிற இந்த வாங்கிலை குந்திக்கொண்டு இருக்கிறன். கதவு பூட்டினா ஒரு சத்தமும் வெளியிலை வராது. என்ர பிள்ளை உள்ளுக்கை என்ன கதைக்கிறான் எண்டு எனக்குத் தெரியாது. ஒருக்காக் கேக்க ஆசைப்பட்டனான். அவ்வளவுதான்."

கோட்டுப் பையிலிருந்து டிவிடியை எடுத்து நீட்டினார். உறையில் மதுரா தாமரைப் பூவின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இதிலை அவன்ர பழைய குரல் கிடக்கு. வெட்டி எடுத்துப் படத்திலை ஒட்ட ஏலாதே? நான் செய்த பிழைக்கு என்னிலை நடவடிக்கை எடுக்கட்டும். பெடியனை மட்டும் விலத்த வேண்டாம் எண்டு டைரக்டர் அம்மாவிட்டைச் சொல்லுங்கோ."

மறைத்திருக்கலாம் அந்த மனிதர். அந்த டிவிடி எங்கள் கைக்கு வந்திருக்கவே வழியில்லை. பையனுக்காகத் தன் தப்புக்குத் தானே சாட்சி கொண்டுவந்து நிற்கிறார். எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

காபி அறைத் தொலைக்காட்சியில் போட்டோம். ஃப்ராவ் கெஸ்லர், அப்பா, பையன், நான். முதலில் மேளம், பிறகு புகை, புகைக்கு நடுவில் தாமரை விரிந்து மதுரா வெளியே வந்தாள்.

"இவருக்குத் திருமணமா?" என்று கேட்டார் ஃப்ராவ் கெஸ்லர்.

"இல்லை, பெரியவளாகிவிட்டாள். அதற்கு விழா."

"இதற்கு இத்தனை பேரா?" சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் பையன்களுக்கு என்ன செய்வீர்கள்?"

மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே சிவநேசனுக்குப் புரிந்தது. "பெடியளுக்கு ஒண்டும் இல்லை" என்றார் தமிழிலேயே. நான் ஜெர்மனில் சொன்னேன். ஃப்ராவ் கெஸ்லர் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு துவாரகன் மேடைக்கு வந்தான். கோட்டு சூட்டு, கழுத்தில் அதே சங்கிலி. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள். பேச ஆரம்பித்தான். அசல் பழைய குரல்தான், ஆனால் ஒட்டி எடுக்கிற மாதிரி இல்லை. மண்டபத்து எதிரொலி, தட்டுகளின் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ ஒருவர் "மேசைக்குச் சோடா இன்னும் வரேல்லை" என்கிறார். ஒரு வரிகூடத் தேறாது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

"நான் அவன் இல்லை, அப்பா" என்கிற வரை சரியாக வந்தது. "என்னை" என்கிற இடத்தில் குரல் படியிலிருந்து வழுக்கினாற்போலக் கீழே விழுந்தது. முழு ஆம்பிளைக் குரல். மண்டபம் கொல்லென்று சிரித்தது. பையனும் திகைத்துத் தொண்டையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் புதுக் குரலிலேயே திரும்பவும் சொன்னான். "என்னைப் பாருங்கள்!" சொல்லும்போது கூட்டத்துக்குள் ஒரு இடத்தையே பார்த்தான். வீடியோக்காரனும் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினான். எல்லோரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, சிவநேசன் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

"நொஹ்மால்" என்றார் ஃப்ராவ் கெஸ்லர். பின்னால் ஓட்டிப் போட்டேன். இன்னொரு தடவையும் கேட்டார். அந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஹெர் மணி, இவர் மேடையில் பேசியது தமிழ்தானே?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாய் திறந்து ஜெர்மனில் பேசியதை ஃப்ராவ் கெஸ்லர் சற்றுமுன் மூன்று முறை கேட்டிருக்கிறார். அவர் கண்ணைப் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை.

"ஆமாம். சுத்தமான தமிழ்" என்றேன்.

"எனக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நான் பார்த்தது ஒரு குடும்ப விழா." டிவிடியை உறையில் போட்டுச் சிவநேசனிடம் தானே கொடுத்தார். "இவரிடம் சொல்லுங்கள். கத்திக் கெட்டுப்போன தொண்டை இப்படி இருக்காது. இது கெட்டுப்போன குரல் அல்ல, வளர்ந்த குரல். எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை."

நான் சொல்லி முடிப்பதற்குள் சிவநேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவசரமாக எதையோ தேடுவது போல மேல்கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். அந்தக் கட்டிடத்துக்குள் அவர் கோட்டைக் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகல் ஃப்ராவ் கெஸ்லர் அமெரிக்க இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தார். பையனின் குரல் உடைந்துவிட்டது, அந்தக் கடைசிக் காட்சியை உடைந்த குரலிலேயே எடுக்க அனுமதி வேண்டும் என்றார்.  அந்த இயக்குநர் சொன்னதை ஃப்ராவ் கெஸ்லர் பிறகு எங்களுக்குச் சொன்னார். அவர்களும் இதே பயத்தில்தான் இருந்திருக்கிறார்கள். தங்கள் பையனின் குரல் எப்போது மாறிவிடுமோ என்று பயந்து, அந்தச் சண்டைக் காட்சியைப் படப்பிடிப்பின் முதல் நாளே எடுத்துவிட்டார்களாம். கோடை முழுவதும் வாழ்ந்து முடித்த பையன் பேச வேண்டியதை, கோடை தொடங்காத பையன் பேசியிருக்கிறான். அந்தக் குறை இன்று வரை தன்னை உறுத்துகிறது, நீங்களாவது சரியாகச் செய்யுங்கள் என்றாராம் அந்த மனிதர். ஒரே தொண்டைக்குப் பயந்து அவர்கள் முதல் நாளில் எடுத்ததை நாங்கள் கடைசி நாளில் எடுக்க வைத்திருந்தோம். இயக்குநரே சொன்ன பிறகு ஹெர் புரூன்ஸ் என்ன செய்வார்? முனகிக்கொண்டே பெர்லின் பையனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இனித் துவாரகன்தான் பேச வேண்டும். பையனோ மைக்குக்கு முன்னால் போனதும் மறுபடி குரலை மேலே இழுத்தான். பழக்கம், வெட்கம். இரண்டு நொஹ்மாலுக்குப் பிறகு ஃப்ராவ் கெஸ்லர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். பேசுகிறவரைத் தவிர வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பெஞ்சில் இருந்த சிவநேசனைப் பார்த்துத் தன் காலைச் சுட்டிக்காட்டினார். அவருக்குப் புரிந்தது. காலணியைக் கழற்றினார். சில்லறையையும் வீட்டுச் சாவியையும் கிண்ணத்தில் போட்டார். காலுறையோடு பூனை நடை நடந்து உள்ளே வந்தார். கறுப்புத் திரைக்குக் கீழே, உதடுகளுக்கு நேர் கீழே, அவரை நிறுத்தினார் ஃப்ராவ் கெஸ்லர்.

"இப்போது நீங்கள் உதட்டைப் பார்க்க வேண்டாம்" என்றார் பையனிடம். "ஒத்துப்போகாவிட்டால் ஹெர் மணி பார்த்துக்கொள்வார்."

சிவப்பு விளக்கு எரிந்தது. துவாரகன் அப்பாவைப் பார்த்தான். பேசினான். மண்டபத்தில் உடைந்த இடத்தில் குரல் உடையவில்லை. அதற்கு முன்னாலேயே, "அவன் இல்லை" என்கிற இடத்திலேயே உடைந்தது. அதை அவன் பிடித்து நிறுத்தவில்லை. உடைந்த குரலிலேயே ஏறிப்போய், "என்னைப் பாருங்கள்!" என்று முடித்தான். என் மேசையில் ஊசி துடித்து அடங்கியது.  அந்த அமைதியில், பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்க, ஹெட்ஃபோனில் தெளிவாக ஒரு குரல் கேட்டது.

"பாக்கிறன், அப்பன்."

சிவநேசன்தான். தன்னையறியாமல் பதில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் ஃப்ராவ் கெஸ்லர்.

"பார்க்கிறேன், மகனே என்றார்."

படத்தில் அந்த இடத்தில் அப்பா ஒன்றும் பேசுவதில்லை. முதுகைக் காட்டி நின்றவர் திரும்புகிறார், அவ்வளவுதான். ஃப்ராவ் கெஸ்லர் என் பக்கம் திரும்பினார்.

"இல்லாத வசனத்தை நாம் சேர்க்க முடியாது. வெட்டிவிடுங்கள்." பிறகு பையனைப் பார்த்து, "வைட்டர்" என்றார்.

நல்லவேளை, மகனின் சொல்லுக்கும் அப்பாவின் சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் வெட்டினேன். உதட்டுக்கு ஒத்துப்போகவைக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. நான் செய்தது அந்த வேலை ஒன்றுதான்.

படம் வெளியானபோது கெல்சென்கிர்ச்சன் திரையரங்கில் இரண்டு வரிசையை அவர்களே பிடித்துவிட்டார்கள். பாரிஸ் மாமாவும் வந்திருந்தார். எங்களையும் அழைத்திருந்தார்கள். சிவநேசனுக்கு ஒரு பக்கம் நான், எனக்கு மறுபக்கம் ஃப்ராவ் கெஸ்லர். நாங்கள் எல்லோருமே படத்தில் வரும் அமெரிக்கப் பையனின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். செம்பட்டைத் தலை, மூக்கெல்லாம் புள்ளி.

"இவனே அண்ணை?" என்று காதோடு கேட்டார் சிவநேசன்.

"இவன்தான் சார்."

"பரவாயில்லை. நல்ல பெடியன்" என்றார், சம்பந்தம் பேச வந்தவர் போல.

சண்டைக் காட்சி வந்தது. கொட்டகை, பழைய லாரி, முதுகைக் காட்டி நிற்கிற அப்பா. திரையில் அந்தப் பையன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எங்களைச் சுற்றி இரண்டு வரிசையும் சேர்ந்து முணுமுணுத்தது, பெரியவர்கள், பிள்ளைகள், பாரிஸ் மாமா உட்பட, ஒரு சொல் பிசகாமல், ஜெர்மனில்: "நான் அவன் இல்லை, அப்பா..." நான் நாற்காலிக்குள் ஒடுங்கிப்போனேன். ஃப்ராவ் கெஸ்லர் தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"எல்லோரும் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள், ஹெர் மணி."

அதற்குள் துவாரகனின் குரல் வந்துவிட்டது. உடைந்தது. முணுமுணுப்பு நின்றது. டிவிடியில் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. "என்னைப் பாருங்கள்!" திரையில் அப்பா மெதுவாகத் திரும்புகிறார். வசனம் இல்லாத இடம். நான் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்த இடம். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அமைதியில், சரியாக அதே ஒரு மூச்சு இடைவெளி விட்டு, என் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டது.

"பாக்கிறன், அப்பன்."

இந்தத் தடவை அதை வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை.